உள்ளேன் ஐயா!

இப்போதெல்லாம் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது குறைந்துவிட்டது. (என் வயசுக்காரர்கள் வீட்டில் கல்யாணமெல்லாம் முடிந்து, பேரனுக்குக் காது குத்துகிற கட்டத்தில் இருக்கிறார்கள்.) அதற்குப் பதிலாக 'முன்னாள் மாணவர் சந்திப்பு' என்று ஒன்று வர ஆரம்பித்திருக்கிறது. காலேஜ் சந்திப்பு என்றால் ஓட்டலில் பஃபே. ஹைஸ்கூல் சந்திப்பு என்றால் கல்யாண மண்டபத்தில் வடை பாயசம். போன தை மாசம் எனக்கு வந்தது, சார், ஆரம்பப் பள்ளிச் சந்திப்பு!

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 1967 ஜூனில் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்து 1972-ல் அஞ்சாங்கிளாஸ் முடித்த கோஷ்டியை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள்.

"அஞ்சாங்கிளாஸ் பாஸ் பண்ணினதுக்கு ஒரு சங்கமா? அடுத்தது பால்வாடிக்கும் ஒண்ணு ஆரம்பிப்பீங்களோ?" என்றாள் என் மனைவி. ஆனாலும் வெள்ளை வேட்டியை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள். வாரத்துக்கு ஒருநாளாவது நான் வீட்டில் இல்லாமல் இருந்தால் அவளுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்.

போய் இறங்கினேன். முதல் அதிர்ச்சி, பள்ளிக்கூடம் சுருங்கிப் போயிருந்தது. இடிந்தெல்லாம் போகவில்லை. நன்றாக வெள்ளையடித்து, சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரைந்து ஜோராகத்தான் இருந்தது. ஆனால் நான் ஓடி ஓடி மூச்சு வாங்கிய அந்த மாபெரும் மைதானம், இப்போது பத்து கார் நிறுத்தினால் நிரம்பிவிடும்போல் இருந்தது. பெரிய வாத்தியாரின் மேஜை என் தொடை உயரம்தான். அதைப் பார்த்தா அப்படி நடுங்கினோம்?

வேப்ப மரம் மட்டும் பெரிசாகியிருந்தது. அதில் தொங்கிய தண்டவாளத் துண்டைக் காணோம். அதுதான் எங்களுக்கு மணி. அதை அடிக்கிற உரிமைக்காக நாங்கள் போட்ட சண்டையைப் பார்த்தால், பிற்காலத்தில் பிரமோஷனுக்காக ஆபீசில் போட்ட சண்டையெல்லாம் ஒன்றுமே இல்லை.

மொத்தம் பதினெட்டுப் பேர் வந்திருந்தோம். அதில் பெண்கள் இரண்டே பேர். ஒருவர் வாத்தியார் மகள், இன்னொருவர் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். முதல் அரை மணி நேரம் யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. டிராயரில் பார்த்தவனை வழுக்கையில் பார்த்தால் எப்படித் தெரியும்? ஆனால் ஒருத்தன் வாயைத் திறந்ததும், இவன்தான் என் பலப்பத்தைத் தின்றவன் என்று பளிச்சென்று ஞாபகம் வந்துவிட்டது. பலப்பம் தின்கிறவர்கள் எங்கள் வகுப்பில் நாலு பேர். இப்போது நாலு பேருக்கும் சுகர் மாத்திரை.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள், ஞாபகக் கச்சேரி! சிலேட்டைக் கோவை இலை போட்டுத் தேய்த்துக் கறுப்பாக்கினது ஒருத்தனுக்கு. ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசினது இன்னொருத்தனுக்கு. ஸ்கூலில் சேர்க்கும்போது, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். எட்டினால் அட்மிஷன். எட்டாமல் அழுதுகொண்டே திரும்பிப் போய், அடுத்த வருஷம் காதைத் தொட்டவன் ஒருத்தன். இன்றைக்கு எல்.கே.ஜி. இன்டர்வியூவில் அம்மா அப்பாவைக் கேள்வி கேட்கிறவர்கள், பேசாமல் அவர்களையும் காதைத் தொடச் சொல்லிவிடலாம்.

மத்தியானச் சாப்பாடு பேச்சு வந்ததும் எல்லோருக்கும் கண் மின்னியது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் ஆரம்பித்த மதிய உணவு. எங்கள் காலத்தில், அமெரிக்காவிலிருந்து 'கேர்' அமைப்பு அனுப்புகிற பால் பவுடரும், மஞ்சள் மாவில் செய்த உப்புமாவும்தான் பிரதானம். எண்ணெய் டின்னில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற மாதிரி படம் இருக்கும். "அதுல ஒரு கை நேரு மாமாவோடது, இன்னொரு கை கென்னடியோடது" என்று எங்களுக்கு அடித்துச் சொன்னவன், பிற்காலத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆனான். ஆச்சரியமே இல்லை.

பால் பவுடரை உள்ளங்கையில் கொட்டி நக்கினால் மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் பேச முடியாது. பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்க வாத்தியாரே கொடுத்திருப்பாரோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இந்த இடத்தில் மைக் என் கைக்கு வந்தது. நான் சும்மா இருப்பேனா? என் ஆயுளில் நூறு தடவையாவது சொன்ன கதையை நூற்றியோராவது தடவையாக எடுத்துவிட்டேன்.

நாங்கள் அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் சாதாரணமா? முந்தின நாளே தரையைச் சாணி போட்டு மெழுகி, தோரணம் கட்டி, மாடு மேய்க்கப் போன பயல்களையெல்லாம் பிடித்துவந்து உட்காரவைத்து, அமர்க்களம். பெரிய வாத்தியார் ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்திருந்தார். "இன்ஸ்பெக்டர் ஐயா கேள்வி கேட்டா எல்லாப் பயலும் கையைத் தூக்கணும். தெரிஞ்சவன் வலது கை. தெரியாதவன் இடது கை. நான் பார்த்து எழுப்பிக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் கேட்டார்: "வெல்லம் கிலோ ஒரு ரூபாய் இருபது பைசா. முக்கால் கிலோ என்ன விலை?"

வகுப்பு முழுக்கக் கை. வலது கை தூக்கியவன் நான். எழுந்தேன். "தொண்ணூறு பைசா ஐயா!" என்றேன். இன்ஸ்பெக்டர் அசந்துவிட்டார். தன் பையிலிருந்து ஒரு இங்க் பேனாவை எடுத்துக் கொடுத்தார். "பையன் கணக்குல புலி. ஹைஸ்கூல்ல சேருங்க" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதுவரைக்கும் என் அப்பாவுக்கு என்னை அஞ்சாவதோடு நிறுத்தி மாமாவின் சைக்கிள் கடையில் விடுவதாக உத்தேசம். அந்தத் தொண்ணூறு பைசாவால்தான் ஹைஸ்கூல், காலேஜ், கருவூலத்தில் கணக்கு வேலை, இன்றைக்குப் பென்ஷன் எல்லாம்.

பலத்த கைதட்டல். உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்து பேசிய தலைமை ஆசிரியை சின்னப் பெண். என் மகள் வயசுதான் இருக்கும். அவர் ஒரு காரியம் செய்தார். அட்மிஷன் ரிஜிஸ்டர் எத்தனை வருஷமானாலும் தூக்கிப் போடக்கூடாது என்பது விதி. பீரோவிலிருந்து 1967-ம் வருஷத்து ரிஜிஸ்டரைத் தூசு தட்டி எடுத்துவந்து, "நான் பேர் வாசிக்கிறேன். எல்லாரும் பழையபடி பதில் சொல்லணும்" என்றார்.

ஒண்ணாம் நம்பர் வாசித்தார். பிறந்த தேதியையும் வாசித்தார். 1-6-1962. "உள்ளேன் ஐயா" என்றார் ஒரு தாத்தா. இரண்டாம் நம்பர். 1-6-1962. மூன்றாம் நம்பர். 1-6-1962. சிரிப்பு கிளம்பிவிட்டது. முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்திரண்டு பேருக்கு அதே தேதி! ஒரே கிராமத்தில் ஒரே நாளில் முப்பத்திரண்டு பிரசவம் என்றால் அந்த மருத்துவச்சி என்ன பாடு பட்டிருப்பாள்?

விஷயம் வேறொன்றுமில்லை. அஞ்சு வயசு முடிந்திருந்தால்தான் சேர்க்க முடியும். எங்கள் அம்மாக்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'ஆத்துல பெரிய வெள்ளம் வந்த வருஷம்', 'செவலைப் பசு கன்னு போட்டதுக்கு மறுவாரம்'. பெரிய வாத்தியார் பார்த்தார். ஜூன் ஒண்ணு என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு பிறந்தநாளை வழங்கிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. எங்களுக்கு முந்தின வருஷம் சேர்ந்து, மூணாங்கிளாஸில் பெயிலாகி எங்களோடு வந்து உட்கார்ந்தவன் ஒருத்தன் உண்டு. அவனுக்கு 1-6-1961. அரசாங்க வேலைதான். 58 வயசுக் கணக்கில் 2019 மே 31-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் நாங்கள் போகவேண்டிய நேரத்தில் கொரோனா வந்து, 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள். 2021-ல் 60 ஆக்கினார்கள். நாங்கள் வீட்டுக்குப் போனது 2022 மே 31. வாத்தியார் பேனாவில் ஒரே ஒரு வருஷ வித்தியாசம், சம்பளத்தில் மூணு வருஷ வித்தியாசம்! "அந்த மனுஷன் எனக்கும் அறுபத்திரண்டுன்னு எழுதியிருந்தா மாடி கட்டி முடிச்சிருப்பேன்டா" என்று அவன் புலம்பினதில் நியாயம் இருக்கிறது.

பேர் வாசித்துக்கொண்டே போனார். சில பேருக்குப் பதில் இல்லை. "அவன் போயிட்டான்மா" என்று யாராவது மெதுவாகச் சொல்வார்கள். அடுத்த பேர்.

பதினேழாம் நம்பர். ஒரு பெண்ணின் பேர். பதில் இல்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் ஞாபகமில்லை. தலைமை ஆசிரியை அடுத்த பேருக்குப் போக இருந்தார்.

"உள்ளேன் ஐயா."

சத்தம் வந்தது சமையல் கூடத்துப் பக்கமிருந்து. எல்லோரும் திரும்பினோம். கையில் கரண்டியோடு ஒரு அம்மாள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். சொன்னபிறகு வெட்கம் வந்துவிட்டதுபோல, "சாம்பார் அடிப்பிடிக்குது" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், காலையிலிருந்து எங்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தது அவர்தான். "இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடும்மா" என்று நான் வேறு அதிகாரம் பண்ணியிருந்தேன்.

பந்தி போட்டார்கள். என் இலைக்கு வந்து நின்றார்.

"சார், முக்கால் கரண்டி சாம்பார் போடட்டா?"

அந்த 'முக்கால்' காதில் விழுந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்துச் சொச்சம் வருஷமாக நான் கவனமாக மறந்து வைத்திருந்த ஒரு விஷயம், வாழை இலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

உண்மையில் நடந்தது இதுதான். எனக்கு வலது கை எது, இடது கை எது என்பதில் அப்போது குழப்பம். (இப்போதும் கொஞ்சம் உண்டு. டிரைவிங் டெஸ்ட்டில் இரண்டு தடவை ஃபெயில்.) தெரியாதவன் தூக்கவேண்டிய கை என்று நினைத்துத்தான் வலது கையைத் தூக்கினேன். வாத்தியார் எழுப்பிவிட்டார். கண் இருண்டுவிட்டது. எனக்குப் பின்னால் இடுப்புக் குழந்தையாகத் தன் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பதினேழு. தம்பி தூங்கிக்கொண்டிருந்ததால் அவளால் எந்தக் கையையும் தூக்க முடியவில்லை. "தொண்ணூறு" என்று கிசுகிசுத்தாள். நான் அதை உரக்கச் சொன்னேன். அவ்வளவுதான் என் கணக்குப் புலி லட்சணம்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவுகிற சாக்கில் சமையல் கூடத்துப் பக்கம் போனேன். 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா என்று ஒரு தயக்கம்.

"நீங்க... பதினேழுதானே?"

"நீங்க ஒம்பது" என்று சிரித்தார். "எல்லா நம்பரும் தெரியும். அப்ப ரெண்டு வாத்தியார்தானே, அஞ்சு கிளாசுக்கு? பாதி நாள் பேர் கூப்பிட்டதே நான்தான்."

"அப்ப காலையிலேயே சொல்லியிருக்கலாமே..."

"பத்திரிகையில 'முன்னாள் மாணவர்கள்'னு போட்டிருந்துச்சு. அஞ்சாவதோட நின்னவளெல்லாம் அதுல சேத்தியான்னு தெரியல. சமைக்கக் கூப்பிட்டாங்க, வந்தேன்."

ஹைஸ்கூல் அஞ்சு கிலோமீட்டர். இடுப்பில் ஒரு தம்பி. அம்மா நடவுக்குப் போய்விட்டால் வீட்டில் ஆள் இல்லை. கணக்கில் நூறு வாங்கினவள் நின்றுவிட்டாள். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவு ஆரம்பித்தபோது இதே பள்ளிக்கூடத்துக்கு ஆயாவாக வந்தார். 1989-ல் முட்டை வந்தது, அப்புறம் பயறு, கொண்டைக்கடலை வந்தது, எல்லாம் அவர் கையால்தான். ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது காலைச் சிற்றுண்டி சமைப்பது அவர் மருமகள். 2022-ல் முதலமைச்சர் மதுரையில் ஆரம்பித்து, மறு வருஷம் எங்கள் ஊர் வரைக்கும் வந்த திட்டம். பேத்தி இதே பள்ளியில் அஞ்சாங்கிளாஸ்.

"இத்தனை பிள்ளைக்கு இத்தனை கிராம் அரிசி, இத்தனை பருப்புன்னு கணக்குப் போட்டே காலம் போயிடுச்சு. ஒருநாள்கூடக் கணக்கு ஒதைச்சதில்ல" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "முக்கால் கிலோ கணக்கு அவ்வளவு சட்டுனு எப்படித் தெரிஞ்சுது?" என்று ஏதோ கேட்டுவைத்தேன்.

"ஒரு கிலோ வாங்க எங்க வீட்டுல என்னிக்குக் காசு இருந்துச்சு? கடையில எப்பவும் கால் கிலோ, அரைக் கிலோ கணக்குதான்" என்றார்.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் தூக்கத்தில் வருகிறது.

"அந்தப் பேனா நல்லா எழுதிச்சா?"

"இல்லீங்க. மை கசிஞ்சுது. ஆறாங்கிளாஸிலேயே தொலைச்சுட்டேன்" என்றேன்.

"அடடா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

சாயங்காலம் கமிட்டி கூடியது. பள்ளிக்கு என்ன செய்வது? வாசலில் அலங்கார வளைவு கட்டி, பளிங்குக் கல்லில் நன்கொடையாளர் பெயர்களைப் பொறிப்பது என்று ஏற்கெனவே ஒரு திட்டம் தயார். எஸ்டிமேட் மூன்றரை லட்சம். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதில் சூடு பிடித்துவிட்டது. சின்ன வயசில் தண்டவாளத் துண்டுக்குப் போட்ட அதே சண்டை!

நான் தலைமை ஆசிரியையிடம் கேட்டேன், "உங்களுக்கு என்னம்மா வேணும்?" அவர் தயங்கி, பதினேழாம் நம்பரைக் கைகாட்டினார். "அவங்கதான் அடிக்கடி சொல்லுவாங்க."

பதினேழு கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆறாவதுக்கு இப்பவும் அந்த அஞ்சு கிலோமீட்டர்தான். பஸ் பாஸ் இருக்கு, ஆனா பஸ் பள்ளிக்கூட மணி அடிச்சப்புறம்தான் வருது. சாயங்காலம் இருட்டிடுது. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்கள அனுப்ப யோசிக்கிறாங்க. போகவர ஒரு ஆட்டோ இருந்தா நல்லது. வளைவு எதுக்குங்க? உள்ள வர்ற வழி எல்லாருக்கும் தெரியும். வெளிய போற வழிதான் வேணும்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லோரும் ஒரேயடியாக மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. "ஆட்டோவுல பேர் பொறிக்க முடியுமா?" என்று ஒருத்தர் சீரியஸாகவே கேட்டார். நாலைந்து பேர் வளைவுதான் வேண்டும் என்று கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள். மிச்சப் பேரில் பதினோரு பேர் மாசாமாசம் ஆளுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டோம். ஜூன் மாசத்திலிருந்து ஆட்டோ ஓடுகிறது. நாலு பிள்ளைகள் போகிறார்கள். கணக்கு நோட்டு பதினேழிடம். முதல் மாசம் நான் அனுப்பியதில் ஐம்பது ரூபாய் குறைகிறது என்று போன் வந்தது. எண்ணிப் பார்த்தேன். சரிதான், குறைந்திருந்தது.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தொண்ணூறு பைசாக் கதையைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவள் அவள்.

ஆச்சரியமே படவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும். பால்காரன் கணக்கை மூணு தடவை தப்பாக் கூட்டுற மனுஷன், முக்கால் கிலோவுக்குச் சரியா விலை சொன்னாராம்!" என்றவள், விளக்கை அணைக்கப் போனபோது நின்று கேட்டாள்:

"ஏங்க, அந்த அம்மாவுக்கு ஒரு நல்ல பேனா வாங்கிக் குடுத்தீங்களா?"

கொடுத்துவிட்டேன். மை கசியாத பேனாவாகப் பார்த்துத்தான்.